மூன்றாம் வரிசைக் கூடை

எங்கே தொடங்கினாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று சகாயமேரிக்குப் பட்டது. கூடாரத்துக்குள் ஷைலஜா மேடம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசைக்காரி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் வரிசைக்காரி துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வரிசை சகாயமேரி, அவளுக்குப் பின்னால் நான்காம் வரிசை லோகேஸ்வரி என்கிற லோகா. நான்கு பேருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே கறுப்புப் பேன்ட், இடுப்பில் இடுக்கிய ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கூடை. பாட்டுக் கச்சேரிக்கு வந்த பெண்களின் உடம்பைத் தடவி, பையைத் துழாவி, உள்ளே போகக்கூடாது என்று நாலு மணியிலிருந்து வாங்கிப்போட்ட சாமான்கள் அந்தக் கூடைகளில் கிடந்தன. லைட்டர், செண்ட்டு பாட்டில், சிகரெட், வெயிலுக்குப் பூசுகிற களிம்பு, ஒரு முள்கரண்டி. ஒரே ஒரு பொருள் மட்டும் எந்தக் கூடையிலும் இல்லை. அது சகாயமேரியின் வலது பேன்ட் பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. நீல நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற, வளைந்த மூக்கு வைத்த மூச்சு மருந்து. அதற்குச் சொந்தக்காரியை அரை மணி நேரத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த வரிசையில் எவள் அதை வாங்கி வைத்தாள் என்பதுதான் உள்ளே நடக்கிற விசாரணை. வாங்கியவளுக்கு இன்றோடு வேலை போகும், ஆஸ்பத்திரியிலிருந்து கெட்ட சேதி வந்தால் போலீசும் வரும் என்று இரண்டாம் வரிசைக்காரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சொல்லிவிடலாம். மேடம், ஒரு அம்மா வந்தாங்க என்று தொடங்கலாம். எந்த அம்மா? குட்டை முடி, நரைச்ச முடி. உனக்கு எப்படித் தெரியும்? இல்லை, கூட்டமாக இருந்தது என்று தொடங்கலாம். கூட்டம் எல்லா வரிசைக்கும்தானே. இல்லை, படத்தில் ஸ்ப்ரேக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது, அதனால் நான். அங்கேதான் வந்து மாட்டுகிறது. எப்படிச் சுற்றிக்கொண்டு வந்தாலும் கடைசியில் அந்த நானில் கொண்டுபோய் இடித்து நிறுத்துகிறது. நான் என்று முதலில் வாயைத் திறக்கிறவள்தான் திருடி. அதை அவள் பதின்மூன்று வயதிலேயே படித்து முடித்துவிட்டாள். மற்றப் படிப்பெல்லாம் அதோடு நின்றுபோனதால் அந்த ஒரு பாடம் மறக்கவே இல்லை.

அப்போது சத்துணவில் முட்டை போட ஆரம்பித்திருந்த புதுசு. பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை. அந்த நாளில் யாரும் வயிற்றுவலி என்று லீவு போடமாட்டார்கள். ஒருநாள் முட்டை குறைந்துபோயிற்று. தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாக வந்து, யார் எடுத்ததைப் பார்த்தீர்கள், பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டாள். பயப்படாமல் என்றதை நம்பி எழுந்து நின்றவள் எட்டாம் வகுப்பில் இவள் ஒருத்திதான். சமையல் ஆயா புடவை மடியில் முட்டையைக் கட்டிக்கொண்டு பின்பக்கக் கதவால் போனதை இவள் கண்ணால் பார்த்திருந்தாள். மடி தொங்கின தொங்கலைக்கூடச் சொல்ல முடியும், ஆறு முட்டை இருக்கும். ஆனால் சொல்லும்போது எப்படித் தொடங்கினாள்? “டீச்சர், நான் தண்ணி குடிக்க சமையக்கட்டுக்குப் போனப்ப...” அதோடு சரி. “நீ எதுக்கு சமையக்கட்டுக்குப் போன?” தண்ணி குடிக்க டீச்சர். “தண்ணி குழாய்ல வரல? உனக்கு மட்டும் சமையக்கட்டுத் தண்ணிதான் எறங்குமா?” வகுப்பே சிரித்தது. ஆயாவின் பேரைச் சொல்ல இடமே வரவில்லை. மடி வரைக்கும் கதை போகவே இல்லை. இவள்தான் எடுத்தாள் என்று முடிவாயிற்று. அம்மா வந்து அழுதாள், பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், மறுவாரமே ராயபுரத்தில் இறால் உரிக்கிற கம்பெனியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐஸில் கை மரத்துப்போய், நகக்கண்ணில் இறால் முள் குத்தினால் வலிகூடத் தெரியாத வேலை. ஆயாவிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். டீச்சர், ஆயா மடியில முட்டை. ஐந்து வார்த்தைகூட இல்லை. முப்பத்தைந்து வருஷமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதைத் திருத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போதும், உள்ளே கூப்பிடப்போகிற நேரத்தில், அந்த அம்மாளை விட்டுவிட்டு இந்த முட்டையைத்தான் மனசு உருட்டுகிறது. எது நோகுமோ அதைத்தான் மனசு தேடிப்போய்த் தொடும், பல் விழுந்த குழியை நாக்கு தொடுகிற மாதிரி.

பேன்ட் பையில் ஈரம் தொடையில் பட்டது. அது எப்படி ஈரமானது என்பது வேறு கதை, அதையும் சொல்ல முடியாது. மேடையிலிருந்து மறுபடி டிரம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் போனபோது ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள், பாடுகிறவர் இங்கிலீஷில் ஏதோ மெல்லச் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், அவ்வளவுதான், மறுபடி பாட்டு. தரையில் அடி விழும்போதெல்லாம் கூடைக்குள் செண்ட்டு பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி டிக்கு டிக்கு என்றன. “பாடுறவங்க பேரு டின் ஷெட்டாம்க்கா,” என்று நாலு மணிக்கு லோகா சொன்னாள். அவளுக்கு முப்பத்தைந்து வயசு, எட்டு மாசமாகப் பக்கத்து வரிசை. கண்ணகி நகரில் பக்கத்து பிளாக்கும்கூட. “டின் ஷெட்டுன்னா தகரக் கொட்டாய். முப்பது வருஷமா பாடுறாங்களாம், காலேஜ் படிச்சப்ப ஆரமிச்சாங்களாம், நடுவுல சண்ட போட்டுக்கிட்டு இப்பதான் ஒண்ணா சேந்திருக்காங்களாம்.” சகாயமேரி சொன்னாள்: “நாம பத்து வருசம் தகரக் கொட்டாயில கெடந்தோமே, எவனாவது டிக்கெட் வாங்கிட்டு வந்து பாத்தானா?” லோகா சிரித்த சிரிப்பில் ஸ்கேன் மெஷின் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தோம். நாலு மணிக்கு நன்றாகத்தான் இருந்தோம். நாலு மணிக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கேயோ கோட்டைத் தாண்டியாகிவிட்டது, தாண்டும்போது காலில் ஒன்றும் தட்டவில்லை.

அந்த அம்மா நாலரைக்கு வந்தாள். தனியாக. இவள் வயசுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவோ குறைவோ. நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்தாள், மேலே ஒரு கறுப்பு டீ-சர்ட்டு, துவைத்துத் துவைத்துச் சாம்பலாகிப்போனது, நெஞ்சில் தகரக் கூரை மாதிரி ஒரு படம் பாதி அழிந்து கிடந்தது. மறைப்புத் துணிக்குள் வந்து, சொல்லாமலே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “இருபத்தாறு வருஷம் ஆச்சுங்க இவங்கள பாத்து,” என்றாள், இவள் கேட்காமலே. “காலேஜ்ல பாத்தது. சுவரேறிக் குதிச்சுப் போனோம்.” சகாயமேரி அவள் தோளில் தொடங்கி விலாவுக்கு வந்தாள், விலாவிலிருந்து முதுகு. முதுகில் கை வைத்தபோது. இல்லை, அதை விடு. பையில் இருந்தது அந்த நீலச் சாமான். மேசையில் ஒட்டியிருந்த தாளில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ், ஆனால் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட்டிருந்தார்கள்: பாட்டில் குறுக்கே கோடு, கத்தி குறுக்கே கோடு, அமுக்கினால் புஸ்ஸென்று வருகிற டப்பா குறுக்கே கோடு. போன மாசம் இன்னொரு கச்சேரியில் ஒரு பெண்ணின் ஸ்ப்ரேயை இவள் விட்டுவிட்டாள், உள்ளே போய் அவள் எவனோ ஒருவன் கண்ணில் அடித்துவிட்டாள், அவன் இடித்தானாம். ஷைலஜா மேடம் எல்லோர் முன்னாலும் வைத்து, “படம் போட்டிருக்கு. படம்கூடப் பாக்கத் தெரியாதா?” என்று கேட்டு ஒரு வாரம் வராதே என்று அனுப்பினாள். அந்தக் கேள்வி காதில் இருந்தது. நீலச் சாமானை எடுத்துப் பார்த்தாள். மூக்கு, மேலே தகர டப்பா, அமுக்கினால் புஸ்ஸென்று வரும். படத்துக்குச் சரியாக இருந்தது. “இது போகாதும்மா.” “ஐயோ, அது மருந்துங்க.” எல்லோரும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். உதட்டுச் சாயத்தை மருந்து என்கிறார்கள், இருமல் சிரப் பாட்டிலில் சரக்கு ஊற்றிக்கொண்டு வந்து மருந்து என்கிறார்கள், ஒருத்தி சிகரெட்டையே மூலிகை மருந்து என்றாள். “மருந்துன்னா சீட்டு இருக்கணும்மா, டாக்டர் சீட்டு.” “சீட்டு யாருங்க பாட்டுக்கு எடுத்துட்டு வருவா?” பின்னால் பத்துப் பதினைந்து பேர், சீக்கிரம், சீக்கிரம் என்று ஒருத்தி. அப்போது மேடையில் யாரோ ஒரு தந்தியை ஒரே ஒரு முறை மீட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் அந்தப் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூட மணி அடித்தால் பிள்ளை திரும்புமே, அப்படி. “சரி, வெச்சுக்கோங்க. போகும்போது வாங்கிக்கறேன்.” போய்விட்டாள். அவளும்தானே விட்டுக்கொடுத்தாள். உயிர் மருந்து என்றால் சண்டை போட்டிருக்க வேண்டாமா? மேனேஜரைக் கூப்பிடு என்று கத்தியிருக்க வேண்டாமா? படித்தவள்தானே. பணக்காரிகள் செண்ட்டு பாட்டிலுக்கு அரை மணி நேரம் கத்துகிறார்கள், இவள் மூச்சை என் கூடையில் போட்டுவிட்டுப் பாட்டுக்கு ஓடினாள். பாதிக் குற்றம் அவள் பேரிலும் எழுதவேண்டும். ஆனால் எழுதமாட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவள் பேரில் யாரும் எதையும் எழுதமாட்டார்கள்.

முதுகில் கை வைத்தபோது உள்ளே பூனை உறுமியது. இதோ, வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் வருகிறது. இவளுடைய அம்மாவுக்கு இழுப்பு. மழைக்காலம் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை மொண்டு மொண்டு குடிப்பாள். முதுகைத் தடவிக் கொடுப்பது இவள் வேலை. கையை வைத்தால் போதும், இன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கவிடும் என்று உள்ளங்கை சொல்லிவிடும். வீட்டில் மாத்திரை இருந்தது, வெந்நீர் ஆவி இருந்தது, மாதாவின் எண்ணெய் இருந்தது, இந்த மாதிரி நீலச் சாமான் இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்று சத்தியம் பண்ணலாம், மாதா மேல் ஆணையாகப் பண்ணலாம். கைக்குத் தெரிந்தது. அந்தச் சாம்பல் நிற டீ-சர்ட்டுக்கு அடியில், மெல்ல, ஒரு பூனை. ஓடி வந்திருப்பாள், மூச்சு வாங்குகிறது என்று கையிடம் சொல்லிவிட்டு அடுத்த உடம்புக்குப் போனாள். ஒரு நாளைக்கு எத்தனை முதுகு. ஒவ்வொரு முதுகும் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகருமா. அப்படித்தான் அப்போது நினைத்தாளா, அல்லது இப்போது நினைக்கிறாளா என்று தெரியவில்லை. நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்தப் பூனையின் உறுமல் பெரிதாகிக்கொண்டே போகிறது. விட்டால் புலியாகிவிடும்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கண்ணுக்கும் தெரிந்தது. வரிசை ஓய்ந்திருந்த நேரம், ஒரு சின்னப் பெண்ணோடு ஒரு தாய் வந்தாள். பையில் அதே நீலச் சாமான், பிளாஸ்டிக் உறையில் டாக்டர் சீட்டோடு. “ஆஸ்துமா இன்ஹேலர்ங்க, மூச்சுத் திணறும்போது அடிச்சுக்கணும்,” என்று சொல்லி, நம்பமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, பெண்ணின் வாயில் வைத்து ஒரு தடவை அடித்தும் காட்டினாள். புஸ். பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணியது. நாலரைக்கு வாங்கிப் போட்டதும் இதேதான் என்று சகாயமேரிக்குத் தெரிந்துபோயிற்று. அவர்களை உள்ளே விட்டாள். கூடையைக் கிளறி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “லோகா, என் வரிசையையும் கொஞ்சம் பாத்துக்கடி, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்.” “போய்ட்டு வாக்கா. தகரக் கொட்டாய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு.” இதுவரை நன்றாகத்தான் செய்தாள். இதுவரைக்கும் கேட்டால் சொல்லலாம். மேடம், தெரிஞ்சதும் குடுக்கத்தான் போனேன். இதற்குப் பிறகுதான் சொல்ல முடியாதது. உள்ளே போனாள், எட்டு மாசத்தில் முதல்தடவையாக மேடையைப் பார்க்கிற பக்கமாகப் போனாள். மேடைக்கு முதுகு காட்டி நிற்பதுதான் உத்தியோகம். மேடையில் நான்கு பேர். குதிக்கிற பிள்ளைகளை எதிர்பார்த்தவளுக்கு, பத்திரிகை வைக்க வந்த பெண் வீட்டார் மாதிரி நான்கு கிழவர்கள். டிரம் அடிப்பவருக்குத் தொந்தி. ஒருவருக்கு வழுக்கை. பாடுகிறவர் கழுத்தில் மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார், பிறகு இருமினார், மைக்கில் இருமலும் பெரிதாகக் கேட்டது, அதற்கும் கூட்டம் சிரித்துக் கை தட்டியது. கூட்டமும் நரைத்த கூட்டம்தான். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, எல்லா வார்த்தையும் தெரிந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மெல்லத் தொடங்கினார்.

ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிந்திருந்தால் ஒருவேளை நின்றிருக்கமாட்டாள். அடியில் ஒரே சத்தமாக ஏதோ ஊம் என்று ஓடிக்கொண்டே இருந்தது, டிரான்ஸ்பார்மரின் சத்தம்போல. அதன்மேல் டிரம் எப்போதாவது ஒருமுறை, கதவைச் சாத்துவதுபோல. அவர் குரல் நன்றாகவே இல்லை, உடைந்திருந்தது, மேலே போக வேண்டிய இடத்தில் போக முடியாமல் நின்று, வெட்கப்படாமல் கீழேயே பாடினார். இறால் கம்பெனியில் குளிர் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே அப்படித்தான் ஊம் என்று இருக்கும். பெட்டி எடுக்கப்போகிற பெண்கள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே இழுப்பார்கள், பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, வெறும் இழுவை. கதவைத் திறந்தால் நின்றுவிடும். யாருக்கும் தெரியாமல் பதினைந்து வயசில் அவள் செய்த ஒரே காரியம் அது. இங்கே ஒருவன் அதையே மேடைபோட்டு விளக்கேற்றிச் செய்துகொண்டிருக்கிறான், அதற்கு டிக்கெட், அதைக் கேட்டு ஆண்பிள்ளைகள் அழுகிறார்கள். கோபம் வந்தது, ஆனால் கால் நகரவில்லை. எத்தனை நேரம் என்று கேட்டால் ஒரு பாட்டு நேரம் என்றுதான் சொல்லவேண்டும். வலது கை பைக்குள் இருந்தது, கட்டைவிரல் அந்தத் தகர டப்பாவின் மேல் இருந்தது. டிரம் விழும்போது விரலும் அமுங்கியிருக்கிறது. புஸ். கைக்குட்டை ஈரமானபோதுதான் தெரிந்தது. அதே சமயம் அந்த அம்மாளையும் பார்த்தாள். முப்பது தப்படி தள்ளி, மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டை முடி. பக்கவாட்டில் முகம். வாய் திறந்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. பாடுகிறாள். எல்லோர் வாயும் திறந்திருந்தது, அவள் வாயும் திறந்திருந்தது, பாடாமல் வேறென்ன? நன்றாக இருக்கிறாள், இவளுக்காக நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தேனே என்று இருந்தது. முப்பது தப்படியில் இருநூறு பேர். போய், அம்மா இந்தாங்க, தப்பா எடுத்துட்டேன் என்று சொல்லவேண்டும். அவள் பாட்டு நடுவில் திரும்பி, மேனேஜர் எங்கே என்று கேட்பாள். போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாள் அல்லவா. போகும்போது வாங்கிக்கொள்ளட்டும். திரும்பிவிட்டாள். அம்மாவின் தோளை எத்தனை மழைக்காலம் பார்த்தவள். பாடுகிறவளின் தோள் அப்படி ஏறாது.

“எப்பிடிக்கா இருந்துச்சு?” என்றாள் லோகா. “கெழவனுங்க,” என்றாள் இவள். அரை மணிகூட ஆகவில்லை. முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். அந்த அம்மா மல்லாக்கக் கிடக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரியாக அம்மாவைப்போல. உதட்டின் நிறம் சரியில்லை. அந்தக் கண் வாசலை, மறைப்புத் துணிகளை, நாலு வரிசையையும் பார்த்தது, எதிலும் நிற்கவில்லை. “இன்ஹேலர் கேட்ல வாங்கிட்டாங்கன்னு சைகை காட்றாங்க,” என்று முதலுதவிக்காரன் கத்தினான். “யார்கிட்டங்க இருக்கு? யாராவது வாங்கினீங்களா?” நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாயமேரியும் பார்த்தாள், மற்ற மூன்று பேரையும், யாராக இருக்கும் என்பதுபோல. கை பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு வினாடி. வாயைக்கூடத் திறக்கவேண்டாம், கையை நீட்டினால் போதும். கை வரவில்லை. சமையக்கட்டுக்கு நீ ஏன் போன? லோகா தன் கூடையைக் கீழே கவிழ்த்தே தேடினாள், லைட்டர்கள் நாலாபக்கமும் உருண்டன, “இல்லையே சார், எங்கிட்ட இல்லையே,” என்று அழுகிற குரலில் சொன்னாள். ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொண்டது. அதற்குள்ளே காற்று சிலிண்டர் இருக்கும். பெரிய டாக்டர்கள் இருப்பார்கள். இந்தச் சின்ன டப்பாவில் என்ன இருக்கிறது, பாதி என் கைக்குட்டையில்தான் இருக்கிறது.

முதல் வரிசைக்காரி கூடாரத்தைவிட்டு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் நடையில் ஒரு நிம்மதி. இரண்டாம் வரிசைக்காரி உள்ளே போனாள். “தடவிப் பாக்குறாங்களாக்கா?” என்று லோகா கேட்டாள். “தினம் பாக்கறதுதானே. இன்னிக்கு ஷூவக்கூடக் கழட்டச் சொல்லுது மேடம்,” என்று சொல்லிக்கொண்டே முதல் வரிசைக்காரி போய்விட்டாள். அதைச் சகாயமேரி எப்படி மறந்தாள்? வேலை முடிந்து போகும்போது தடவுகிறவளையே தடவிப் பார்ப்பது வழக்கம், கூடையிலிருந்து செண்ட்டு பாட்டிலை எவளாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று. கூடையிலேயே விட்டிருந்தால் வாங்கியவள் என்று ஆகும். பையில் இருந்தால் ஒளித்தவள் என்று ஆகும், அது அதைவிட மோசம். எறிந்துவிடலாம். எங்கே? தலைக்குமேல் போக்கஸ் லைட்டு பகலாக எரிகிறது, சுற்றிலும் வெறும் தரை, வாக்கிடாக்கி வைத்துக்கொண்டு ஒருவன் இவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மறைப்புக்குள்ளே கேமரா இல்லை, பெண்பிள்ளைகள் சமாசாரம் என்பதால் வைக்கவில்லை, அது ஒன்றுதான் மாதா செய்த நன்மை. அந்த அம்மா பிழைத்து எழுந்தால் அடையாளம் சொல்லுவாளா? என்ன சொல்லுவாள்? சாம்பல் சட்டை போட்ட ஒரு அம்மா. கறுப்பா, குள்ளமா. லோகாவும் கறுப்பு, குள்ளம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் தலைக்குமேலே எங்கேயோ பார்ப்பார்கள், தடவுகிறவளின் முகத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்போல. எட்டு மாசத்தில் எங்கள் முகத்தை எவள் பார்த்தாள். வேலை போனால் முழங்கால் வீங்கிப் படுத்திருக்கிற புருஷன் சவரியப்பன், பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் ஜெனோவா, மறுபடி இறால் ஐஸ், நாற்பத்தெட்டு வயசில் எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்? லோகாவுக்கும் இரண்டு பிள்ளைகள். இருக்கட்டும், அவள் சின்னவள், வீட்டு வேலைக்குப் போனாலும் பிழைப்பாள். அவளுக்கு வாய் இருக்கிறது, அழத் தெரியும், அழுகிறவளை மேடத்துக்குப் பிடிக்கும். இந்த நினைப்பு எப்போது வந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே ஒரு ஆயா மடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கதவால் போய்க்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

“எதுக்குக்கா இப்பிடி வேக்குது உனக்கு?” லோகா கிட்டே வந்து சொன்னாள். “பயப்படாத. நீ ஒண்ணுக்குப் போனத நான் சொல்லமாட்டேன். வரிசைய வுட்டுட்டுப் போனான்னு அதுக்கு வேற கத்தும்.” “சொல்லாதடி.” “சொல்வனா? அந்தம்மா பொழச்சுக்கும்க்கா. எனக்கு மனசு சொல்லுது.” சகாயமேரி தலையை ஆட்டினாள். லோகா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள், வலை கழன்று கொண்டை தொங்கிக்கொண்டிருந்தது, கவிழ்த்துத் தேடும்போது அவிழ்ந்திருக்கும். “இந்தக் கோலத்துல போய் நின்னா அதுக்கு ஒரு பாட்டு பாடும். இத கொஞ்சம் புடிக்கா.” தன் கூடையை இவள் கூடைமேலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேன் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி முடியைச் சுருட்டினாள். அவளுடைய முதுகு இவள் பக்கம் இருந்தது. மேடையில் கடைசிப் பாட்டோ என்னவோ, ஆயிரம் பேர் ஒன்றாகப் பாடினார்கள், வாக்கிடாக்கிக்காரனும் அந்தப் பக்கம் திரும்பினான். சகாயமேரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், கைக்குட்டைக்குள் இருந்ததையும் நன்றாகத் துடைத்தாள். மேல் கூடையில் வெயில் களிம்புக்கும் உடைந்த லைட்டருக்கும் அடியில் அதை வைத்து, மேலே ஒரு சிகரெட் பாக்கெட்டை நகர்த்தினாள். லோகா திரும்பி வந்து கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சரியா இருக்காக்கா?” “சரியா இருக்கு.”

“மூணாம் வரிசை,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. சகாயமேரி துணியை விலக்கிக்கொண்டு போனாள், கூடையை மேசைமேல் வைத்தாள், ஷூவைக் கழற்றினாள், சொல்லாமலே இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு ஷைலஜா மேடத்தின் தலைக்குமேலே எங்கேயோ பார்த்தபடி நின்றாள். “அந்த இன்ஹேலர நீ வாங்கினியா?” “எங்கூடையில இருக்கிறது இவ்வளவுதான் மேடம்.” ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பிறகு, மேடம் முதுகைத் தடவி முடிக்கிற நேரத்தில், கேட்காமலே, மெதுவாகச் சொன்னாள்: “லோகா கூடைய மட்டும் ஒருக்கா நல்லா கெளறிப் பாருங்க மேடம்.”